புகைக்கும் நுரையீரலுக்குச் சத்து மாத்திரை காவலா?

காலை ஆறு மணி. கிள்ளானில் லாரி ஓட்டும் ஒரு குடும்பத் தலைவரின் வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். அவருக்கு வயது 54. இருபது வயதில் தொற்றிக்கொண்ட சிகரெட் பழக்கம் இன்று நாளுக்கு ஒரு பெட்டி என்ற அளவில் நிற்கிறது. விட்டுவிடும்படி மனைவி கெஞ்சிப் பார்த்துவிட்டார். சண்டை போட்டும் பார்த்துவிட்டார். பலனில்லை. இப்போது அவர் வேறொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார். நேரடி விற்பனையில் வாங்கிய சத்து மாத்திரைப் புட்டி ஒன்று சாப்பாட்டு மேசையில் இருக்கிறது.

“என்னாங்க, சிகரெட்டைத்தான் விடமாட்டேங்கிறீங்க. இதையாவது தினமும் ஒண்ணு போடுங்க. நுரையீரலுக்குப் பாதுகாப்பாம்.”

கணவரும் மறுப்பதில்லை. மாத்திரையை விழுங்கி, மனைவி அரைத்துக் கொடுத்த கேரட் சாற்றையும் குடித்துவிட்டு, வாசலுக்குப் போய் அன்றைய முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறார். இருவருக்கும் மனதில் ஒரு சிறு நிம்மதி.

அந்த மனைவியின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அவர் தேடிக்கொண்ட நிம்மதிக்கு ஆதாரம் இருக்கிறதா? சத்துப்பொருள்கள், புகைப்பவரை நுரையீரல் புற்றுநோயிலிருந்து காப்பாற்றுமா? இந்தக் கேள்விக்கு ஊகத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பெரிய ஆய்வுகளில் ஏறத்தாழ 47,000 பேர் ஆண்டுக்கணக்கில் மாத்திரை உட்கொண்டு, இதற்கான பதிலை உலகுக்குத் தந்திருக்கிறார்கள். அந்தப் பதிலைப் புகைப்பவர் உள்ள ஒவ்வொரு வீடும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

புகை உள்ளே போனால் என்ன நடக்கிறது?

முதலில் புகையைப் பற்றிப் பார்ப்போம். சிகரெட் புகை என்பது வெறும் நிக்கோட்டின் மட்டுமன்று. எரியும் புகையிலையிலிருந்து 7,000க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் வெளிப்படுகின்றன. அவற்றில் ஏறத்தாழ 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று அடையாளம் காணப்பட்டுள்ளன. பென்சோபைரீன், புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்கள், ஃபார்மல்டிஹைட், கதிரியக்கம் கொண்ட பொலோனியம் ஆகியவை அந்தப் பட்டியலில் அடங்கும்.

இவை நுரையீரலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களை இரண்டு வழிகளில் தாக்குகின்றன. பென்சோபைரீன் போன்றவை உயிரணுவுக்குள் இருக்கும் மரபணுப் பொருளான டிஎன்ஏவில் நேரடியாக ஒட்டிக்கொண்டு, அதிலுள்ள எழுத்துகளை மாற்றிவிடுகின்றன. இது முதல் வழி. புகையில் இருக்கும் கணக்கிலடங்காத ‘ஃபிரீ ரேடிக்கல்’ எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள், அருகில் இருக்கும் எதையும் தாக்கிச் சிதைப்பது இரண்டாவது வழி.

உடலுக்கு இந்தச் சேதத்தைச் சரிசெய்யும் ஆற்றல் உண்டு. ஆனால் நாளுக்கு இருபது முறை, ஆண்டுக்கு ஏழாயிரம் முறை என்று தாக்குதல் தொடரும்போது, சில தவறுகள் திருத்தப்படாமலே தங்கிவிடுகின்றன. அப்படித் தங்கும் தவறுகள் இருபது, முப்பது ஆண்டுகள் சேர்ந்து, ஒரு நாள் ஓர் உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்குகிறது. அதுவே புற்றுநோயின் ஆரம்பம்.

ஆண்டி ஆக்சிடண்ட் என்றால் என்ன?

சமையலறையில் வாழைக்காயை நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துவிடும். காற்றிலுள்ள பிராணவாயுவுடன் அது வினைபுரிவதே காரணம். நறுக்கியவுடன் எலுமிச்சைச் சாற்றைத் தெளித்தால் கறுப்பது தாமதமாகும். எலுமிச்சையின் புளிப்பும் அதிலுள்ள வைட்டமின் சி-யும் சேர்ந்து அந்த வினையைத் தடுக்கின்றன.

இப்படிப் பிராணவாயுவால் ஏற்படும் சிதைவைத் தடுக்கும் பொருள்களையே ஆண்டி ஆக்சிடண்ட் என்கிறார்கள். வைட்டமின் சி, வைட்டமின் இ, செலினியம் என்ற தாது ஆகியவை இந்தப் பணியில் பங்குகொள்பவை. கேரட், பரங்கிக்காய், பப்பாளி, கீரை வகைகளில் இருக்கும் பீட்டா கரோட்டினும் இந்த வரிசையைச் சேர்ந்தது. கேரட்டுக்கு ஆரஞ்சு நிறத்தைத் தருவது இதுதான். உடல் இதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது.

புகை ஃபிரீ ரேடிக்கலைக் கொண்டுவருகிறது. ஆண்டி ஆக்சிடண்ட் அதை அடக்குகிறது. அப்படியானால் ஆண்டி ஆக்சிடண்ட் நிறையச் சாப்பிட்டால் புகையின் தீமை குறையுமல்லவா? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சத்து மாத்திரை விற்பவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். அன்று ஆய்வாளர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள்.

நம்பிக்கை பிறந்த கதை

1970களிலும் 1980களிலும் பல நாடுகளில் மக்களின் உணவுப் பழக்கத்தையும் அவர்களுக்கு வந்த நோய்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காய்கறி, பழம் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்தது. இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தவர்களிடமும் அதே நிலை காணப்பட்டது.

1981ஆம் ஆண்டு ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் உள்ளிட்ட நால்வர் எழுதிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. உணவிலுள்ள பீட்டா கரோட்டின் மனிதர்களுக்குப் புற்றுநோய் வருவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்குமா என்று அந்தக் கட்டுரை கேட்டது. இந்த ரிச்சர்ட் டால் சாதாரணமானவர் அல்லர். 1950இல் பிராட்ஃபர்ட் ஹில் என்பவருடன் சேர்ந்து, புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் எடுத்துக்காட்டியவர். நோயின் காரணத்தைக் காட்டிய அவரே, அதைத் தடுக்க வழி உண்டா என்றும் தேடினார்.

அந்தக் கட்டுரை மக்களை மாத்திரை சாப்பிடச் சொல்லவில்லை. முதலில் முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றே சொன்னது. காரணம், காய்கறி அதிகம் சாப்பிடுபவர்கள் பல வகையிலும் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவர்கள். அவர்கள் குறைவாகப் புகைக்கலாம். மதுவைக் குறைவாகத் தொடலாம். வருமானமும் கூடுதலாக இருக்கலாம். அவர்களைக் காப்பாற்றியது கேரட்டா, அல்லது வாழ்க்கை முறையா? இதைப் பிரித்தறிய ஒரே வழி, ஒரு பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரையும் மறு பாதிக்குச் சத்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து, யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது அவருக்கும் தெரியாமல், மருத்துவருக்கும் தெரியாமல், பல ஆண்டுகள் கவனிப்பதுதான்.

பின்லாந்தின் 29,133 ஆண்கள்

அந்தச் சோதனையைப் பெரிய அளவில் நடத்திய நாடுகளில் ஒன்று பின்லாந்து. நாட்டின் தென்மேற்குப் பகுதியில் 50 முதல் 69 வயது வரையிலான 29,133 ஆண்கள் 1985க்கும் 1988க்கும் இடையில் சேர்க்கப்பட்டனர். எல்லாருமே புகைப்பவர்கள். சராசரியாக நாளுக்கு 20 சிகரெட். சராசரியாக 36 ஆண்டுப் பழக்கம். கிள்ளான் லாரி ஓட்டுநரைப் போன்றவர்கள் என்றே சொல்லலாம்.

அவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். இன்னொன்றுக்கு 50 மில்லிகிராம் வைட்டமின் இ. மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவது குழுவுக்குப் போலி மாத்திரை. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை இது தொடர்ந்தது.

1994ஆம் ஆண்டு ஏப்ரலில் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. மொத்தம் 876 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களில் 474 பேர். சாப்பிடாதவர்களில் 402 பேர். அதாவது, காப்பாற்றும் என்று நம்பிய மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகம். எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணமும் 8 விழுக்காடு அதிகம். வைட்டமின் இ நுரையீரல் புற்றுநோயைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நாளுக்கு 20 அல்லது அதற்கும் மேல் சிகரெட் புகைத்தவர்களிடமே இந்தத் தீமை தெளிவாகத் தெரிந்தது. யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவை என்று நினைத்தார்களோ, அவர்களுக்கே அது அதிகம் கெடுதல் செய்தது.

பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வு

ஒரு நாட்டில் கிடைத்த முடிவு தற்செயலாக இருக்கலாமே என்று சிலர் நினைத்தனர். அந்தச் சந்தேகத்துக்கு விரைவிலேயே விடை கிடைத்தது. அமெரிக்காவின் சியாட்டல் நகரிலுள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு நிலையம் வழிநடத்திய மற்றோர் ஆய்வு அப்போது நடந்துகொண்டிருந்தது. புகைப்பவர்கள், முன்பு புகைத்து விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்கள் என 18,314 ஆண்களும் பெண்களும் அதில் இருந்தனர். ஒரு பாதிக்கு நாளுக்கு 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் 25,000 யூனிட் வைட்டமின் ஏ-யும் கொடுக்கப்பட்டன.

1996 ஜனவரியில், திட்டமிட்ட காலத்துக்கு 21 மாதங்கள் முன்பே அந்த ஆய்வில் மாத்திரை கொடுப்பது நிறுத்தப்பட்டது. சத்து மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடும், மொத்த மரணம் 17 விழுக்காடும் அதிகமாக இருந்தன. தொடர்ந்து கொடுப்பது பங்கேற்றவர்களுக்குச் செய்யும் துரோகமாகிவிடும் என்ற நிலை.

அதே ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் 22,071 பேரிடம் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவும் வந்தது. அவர்களில் ஒரு பாதியினர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 50 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்கள். அவர்களில் பத்துக்கு ஒருவரே புகைப்பவர். அங்கே நன்மையுமில்லை, தீமையுமில்லை. ஆக, பெரும்பாலும் புகைக்காதவர்களிடம் பயனற்றுப்போன மாத்திரை, கடுமையாகப் புகைப்பவர்களிடம் ஆபத்தாக மாறியது.

நல்லது எப்படிக் கெட்டதானது?

காய்கறியில் நல்லதாக இருக்கும் ஒரு பொருள் மாத்திரையில் ஏன் கெடுதல் செய்ய வேண்டும்? இதற்கான விளக்கத்தில் முதலில் வருவது அளவு.

நடுத்தரக் கேரட் ஒன்றில் ஏறத்தாழ 5 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கும். ஆனால் கேரட்டின் நார்ச்சத்துக்குள் சிக்கியிருக்கும் அதில் ஒரு பகுதியைத்தான் குடல் உறிஞ்சுகிறது. மாத்திரையில் இருப்பதோ எளிதில் இரத்தத்தில் கலந்துவிடும். பின்லாந்து ஆய்வில் மாத்திரை சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் ஏறத்தாழ 17 மடங்கு உயர்ந்தது. எந்தச் சாப்பாட்டுத் தட்டும் சாதாரணமாக அந்த உயரத்தைத் தொடுவதில்லை.

இரண்டாவது, இடம். புகை நிறைந்த நுரையீரலில் பீட்டா கரோட்டின் தானே சிதைகிறது. காவலுக்கு அனுப்பிய ஆள் கலவரக்காரர்களின் பிடியில் சிக்கிய கதைதான். 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கீரியைப் போன்ற தோற்றமுடைய ஃபெரட் என்ற சிறு விலங்கைச் சோதித்தார்கள். அது மனிதரைப் போலவே பீட்டா கரோட்டினை உடலில் ஏற்றுக்கொள்ளும். அதிக அளவு பீட்டா கரோட்டினும் கொடுத்து, சிகரெட் புகையிலும் வைத்தபோது, அவற்றின் நுரையீரலில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தோன்றின. சிதைந்த பீட்டா கரோட்டின் துண்டுகள், உயிரணு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் வைட்டமின் ஏ-யின் பணியைக் குழப்பிவிடுகின்றன என்று அவர்கள் விளக்கினர்.

மூன்றாவது, நேரம். 2014இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர ஆய்வாளர்கள், ஏற்கெனவே நுரையீரலில் சிறு கட்டிகள் உள்ள எலிகளுக்கு வைட்டமின் இ-யும், சளியிளக்கியாகப் பயன்படும் என்ஏசி என்ற ஆண்டி ஆக்சிடண்டும் கொடுத்தார்கள். கட்டிகள் இன்னும் வேகமாக வளர்ந்தன. உயிரணுவில் கோளாறு மிகுந்தால் அபாய மணி அடித்து வளர்ச்சியை நிறுத்தும் பி53 என்ற காவல் மரபணு ஒன்று உண்டு. ஃபிரீ ரேடிக்கலின் தொல்லையும் அந்த மணியை அடிக்க வைக்கும் காரணங்களில் ஒன்று. ஆண்டி ஆக்சிடண்ட் அந்தத் தொல்லையை அடக்கியதால் மணி அடிக்கவில்லை. கட்டியும் தடையின்றி வளர்ந்தது. முப்பது ஆண்டுகள் புகைத்த ஒருவரின் நுரையீரலில், கண்ணுக்குத் தெரியாத அத்தகைய தொடக்கக் கட்டி இல்லையென்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

இவை விலங்குகளிடம் கண்ட விளக்கங்கள். ஆனால் மாத்திரை புகைப்பவருக்குக் கேடு என்பது மனிதர்களிடமே, ஒரு முறைக்கு இரு முறை நிரூபிக்கப்பட்ட உண்மை.

இதைவிட எளிமையான காரணமும் உண்டு. பென்சோபைரீன் போன்ற நஞ்சுகள் டிஎன்ஏவில் நேரடியாக ஒட்டிக்கொள்பவை. ஃபிரீ ரேடிக்கலை அடக்கும் ஒரு பொருள் அவற்றை என்ன செய்ய முடியும்? வீட்டுக்குப் பத்துக் கதவுகள் இருக்க, ஒரு கதவுக்கு மட்டும் பூட்டுப் போட்டதுபோல்தான் அது.

அப்படியானால் காய்கறி வேண்டாமா?

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆய்வுகளில் தீங்கு காட்டியது அதிக அளவு மாத்திரை. தட்டில் வைக்கும் கீரையும் கேரட்டும் குற்றவாளிகள் அல்ல. அதே பின்லாந்து ஆய்வில், போலி மாத்திரை சாப்பிட்ட குழுவில், தொடக்கத்தில் உணவின் வழியாக பீட்டா கரோட்டின் அதிகம் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வந்தது.

ஆனால் அதையும் மிகைப்படுத்தக்கூடாது. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, காய்கறியும் பழமும் நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்பதற்கான ஆதாரத்தை ‘குறைந்த அளவிலானது’ என்றே வகைப்படுத்தியது. புகைப்பவர்களும் முன்பு புகைத்தவர்களும் அதிக அளவு பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடும் என்பதற்கான ஆதாரத்தை அதே அறிக்கை ‘வலுவானது’ என்றது. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழுவும், புற்றுநோயைத் தடுப்பதற்காக பீட்டா கரோட்டின், வைட்டமின் இ மாத்திரைகளை உட்கொள்ள வேண்டாம் என்று 2014இல் சொன்னதை 2022இல் மீண்டும் உறுதிப்படுத்தியது.

புகைப்பவர்களின் உடலில் வைட்டமின் சி வேகமாகச் செலவாகிறது என்பது உண்மைதான். மற்றவர்களைவிட அவர்களுக்கு நாளுக்கு 35 மில்லிகிராம் கூடுதலாகத் தேவை என்று அமெரிக்க நிபுணர் குழு 2000ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அதற்குப் புட்டி மாத்திரை தேவையில்லை. பசாரில் வாங்கும் ஒரு கொய்யாப்பழமே அதைவிட அதிகமாகத் தந்துவிடும். பப்பாளித் துண்டும், முருங்கைக்கீரைக் கூட்டும், பாயாம் கீரைப் பொரியலும் இதயத்துக்கும் குடலுக்கும் செய்யும் நன்மைகள் பல. அதற்காகவே அவற்றைச் சாப்பிடலாம். புகைத்ததற்குப் பரிகாரமாகச் சாப்பிடுவதில்தான் பிழை இருக்கிறது.

அடிக்கடி எழும் கேள்விகள்

தினமும் சாப்பிடும் சாதாரண மல்டிவைட்டமினில் பீட்டா கரோட்டின் இருந்தால் ஆபத்தா?

ஆய்வுகளில் தீங்கு தெரிந்தது 20, 30 மில்லிகிராம் அளவுகளில். பெரும்பாலான மல்டிவைட்டமின்களில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் புகைப்பவர்கள் புட்டியின் மேலுள்ள சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வகை மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடும்போது அளவு கூடிவிடும். மருந்தாளரிடம் புட்டியைக் காட்டிக் கேட்பது நல்லது.

கண் பார்வைக்காகச் சாப்பிடும் மாத்திரை?

இது முக்கியமான கேள்வி. வயதானவர்களின் விழித்திரைத் தேய்வுக்குக் கொடுக்கப்பட்ட பழைய கலவையில் பீட்டா கரோட்டின் இருந்தது. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பீட்டா கரோட்டின் சேர்த்த கலவையைச் சாப்பிட்டவர்களில் 2 விழுக்காட்டினருக்கும், அது சேராத கலவையைச் சாப்பிட்டவர்களில் 0.9 விழுக்காட்டினருக்கும் நுரையீரல் புற்றுநோய் வந்தது. நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் முன்பு புகைத்து விட்டவர்கள். அதன்பின் பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக லூட்டின், ஸியாஸாந்தின் சேர்த்த கலவை பரிந்துரைக்கப்படுகிறது. ஆகவே, எப்போதோ புகைத்துவிட்டவர்களும் கண் மருத்துவரிடம் அந்தப் பழக்கத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிவப்புச் செம்பனை எண்ணெயில் கரோட்டின் நிறைய இருக்கிறதே?

ஆம். சுத்திகரித்து நிறம் நீக்கிய சாதாரண சமையல் எண்ணெயில் இல்லாத கரோட்டின் அதில் உண்டு. சமையலில் அளவோடு சேர்ப்பது உணவு. மாத்திரை ஆய்வுகளின் முடிவை அதன்மேல் ஏற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நுரையீரலுக்குக் காவல் என்று நினைத்துத் தினமும் கரண்டி கரண்டியாகக் குடிப்பது, பெயர் மாறிய மாத்திரைப் பழக்கமாகிவிடும்.

இத்தனை நாள் மாத்திரை சாப்பிட்டவர்கள் பயப்பட வேண்டுமா?

பதறத் தேவையில்லை, நிறுத்தினால் போதும். பின்லாந்தில் மாத்திரையை நிறுத்திய சில ஆண்டுகளில் அந்தக் கூடுதல் அபாயம் மறைந்துவிட்டது. மருத்துவர் குறைபாட்டுக்காக எழுதிக் கொடுத்த வைட்டமினை மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் எந்தச் சத்து மாத்திரையையும் தங்கள் மருத்துவருக்குத் தெரியாமல் சாப்பிடக்கூடாது.

எது உண்மையில் காப்பாற்றும்?

மீண்டும் ரிச்சர்ட் டாலிடம் வருவோம். 1951இல் அவர் பிரிட்டிஷ் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைப் பதிவுசெய்யத் தொடங்கினார். 34,439 ஆண் மருத்துவர்களைப் பற்றிய ஐம்பது ஆண்டு முடிவு 2004இல் வெளிவந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 ஆண்டுகள் முன்பே இறந்தார்கள். ஆனால் 60 வயதில் நிறுத்தியவர்கள் 3 ஆண்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். 50 வயதில் நிறுத்தியவர்கள் 6 ஆண்டுகள். 40 வயதில் நிறுத்தியவர்கள் 9 ஆண்டுகள். 30 வயதில் நிறுத்தியவர்கள் ஏறத்தாழ முழுப் பத்து ஆண்டுகள்.

நுரையீரல் புற்றுநோய்க்கு மட்டும் தனியாக ஒரு கணக்கும் உண்டு. பீட்டோவும் டாலும் மற்றவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்தக் கணக்கின்படி, பிரிட்டனில் தொடர்ந்து புகைக்கும் ஆண்களில் நூற்றுக்கு 16 பேர் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறக்க நேரிடும். 60 வயதில் விட்டால் அது 10 ஆகும். 50 வயதில் விட்டால் 6. 40 வயதில் விட்டால் 3. 30 வயதில் விட்டால் 2.

இந்த எண்களை மாத்திரையின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாத்திரை அபாயத்தை 18, 28 விழுக்காடு கூட்டியது. ஐம்பது வயதில் நிறுத்துவதோ அதைப் பாதிக்கும் கீழே கொண்டுவருகிறது. இதைச் செய்த எந்த வைட்டமினும் இதுவரை இல்லை.

“இவ்வளவு வருஷம் புகைச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?” என்று கேட்பவர்களுக்கும் இந்தக் கணக்கே பதில். அறுபதிலும் தாமதமில்லை.

நிறுத்துவது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நிக்கோட்டின் மூளையைப் பிடித்துவைத்திருக்கும் பொருள். மனவலிமை மட்டும் போதாதவர்களுக்கு நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, மெல்லும் பசை, மருந்துகள் உண்டு. ஆலோசனையும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு இன்னும் கூடுகிறது. மலேசியாவில் அரசாங்க சுகாதார கிளினிக்குகளிலும், சிங்கப்பூரில் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் திட்டங்கள் வழியாகவும் இதற்கு உதவி கிடைக்கிறது. முதல் முயற்சியில் தோற்பது வழக்கமானதே. விட்டவர்களில் பலர் சில முறை தோற்ற பிறகே விட்டவர்கள்.

நீண்ட காலம் புகைத்தவர்கள் கேட்டறிய வேண்டிய இன்னொன்று, குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் பரிசோதனை. அமெரிக்காவில் 53,454 பேரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானபோது, சாதாரண எக்ஸ்ரேயுடன் ஒப்பிடுகையில் இந்தப் பரிசோதனை நுரையீரல் புற்றுநோய் மரணத்தை 20 விழுக்காடு குறைத்தது. நாளுக்கு ஒரு பெட்டி வீதம் இருபது ஆண்டுகள், அல்லது அதற்குச் சமமான அளவு புகைத்த 50 வயதைத் தாண்டியவர்கள் இதுபற்றி மருத்துவரிடம் பேசலாம். மலேசியாவில் நுரையீரல் புற்றுநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ, சளியில் இரத்தம் தெரிந்தாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, மருந்துக்கடை இருமல் மருந்தோடு நாள் கடத்தக்கூடாது.

மேசையில் இருக்கும் புட்டி

கிள்ளான் வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே மாத்திரை செய்த மிகப் பெரிய கேடு, புட்டியின் மேலுள்ள சீட்டில் எழுதப்பட்டிருக்காது. ‘ஏதோ பாதுகாப்பு இருக்கிறது’ என்ற எண்ணத்தைக் கொடுத்து, சிகரெட்டை விட வேண்டிய நாளை அது தள்ளிப்போட்டது. மனைவி கெஞ்சுவதை நிறுத்திவிட்டார். கணவருக்கும் குற்ற உணர்வு குறைந்துவிட்டது. 54 வயதில் விட்டால் கிடைக்கக்கூடிய ஆண்டுகள், மாதம் ஒரு புட்டியாகக் கரைந்துகொண்டிருக்கின்றன.

அந்த மனைவி செய்ய வேண்டியது அதிகமில்லை. கேரட்டும் கீரையும் வழக்கம்போல் சமைக்கட்டும். குடும்பம் முழுவதும் சாப்பிடட்டும். மாத்திரைக்கு மாதந்தோறும் எடுத்துவைக்கும் பணத்தை அப்படியே வைத்துக்கொள்ளட்டும். பிறகு ஒரு விடுமுறை நாளில் கணவரிடம், “வாங்க, கிளினிக்குக்குப் போய் கேட்டுப் பார்ப்போம். நானும் கூட வர்றேன்” என்று சொல்லட்டும். கெஞ்சலும் சண்டையும் செய்யாததை, கூடவே நடந்துபோவது செய்யக்கூடும்.